பழைய லொறிகளின் எஞ்சின் நடுக்கம்: பொருந்தாத சமன் பாகங்களைக் கண்டறிதல்

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டு செல்லும் லொறியும் கலப்பை, மண்வெட்டி போன்று ஒரு கமக்கருவியே ஆகும். கமக்காரர் தாமே வைத்திருக்கும் லொறிகளும், வாடகைக்கு அமர்த்தும் லொறிகளும் பெரும்பாலும் பல்லாண்டு உழைத்தவை. அவற்றின் எஞ்சின் ஒரு முறையேனும் பிரித்துப் பூட்டப்படாதிருத்தல் அரிது. அவ்வாறு பூட்டப்பட்ட எஞ்சின் சில வேளைகளில் முன்னில்லாத ஒரு நடுக்கத்தோடு வெளிவருகின்றது. சாரதி அதனைக் கூறியவுடன் ரப்பர்த் தாங்கிகள் மாற்றப்படுகின்றன, இன்ஜெக்டர்கள் கழுவப்படுகின்றன, எரிபொருட் பம்பு கழற்றி அனுப்பப்படுகின்றது. பணம் செலவாகின்றது, நடுக்கமோ நிற்பதில்லை. இவ்விதமான நடுக்கத்துக்குக் காரணம் பல சமயங்களில் தேய்ந்த பாகமன்று. நல்ல நிலையிலுள்ள, ஆனால் வேறோர் எஞ்சினுக்குரிய பாகமேயாகும். இதனைக் கண்டறியும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

இதிற் கூறப்படும் பரீட்சைகளுட் பெரும்பாலானவற்றை இரண்டு மூன்று சாவிகளும் ஒரு சுண்ணக்கட்டியும் கொண்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். எஞ்சினைப் பிரிக்கும் வேலை மெக்கானிக்கினுடையது. ஆயினும் எதனைப் பிரிக்க வேண்டும் என்பதை லொறிக்காரர் அறிந்திருந்தால் வீண் செலவு குறையும்.

சமன் என்பது யாது?

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவை அறியாதார் இலர். பட்டையில் நிறைந்த நீரின் பாரத்துக்கு ஏற்ற பாரம் துலாவின் மறுமுனையில் இருந்தாலன்றி நீரிறைப்பவர் கை சோர்ந்துவிடும். எஞ்சினில் எரிபொருளின் வலுவை வாங்கிச் சுழலும் கிராங்குத் தண்டிலும் இதுவே நிகழ்கின்றது. தண்டின் வளைவுகள் நடு அச்சிலிருந்து விலகி நிற்கின்றன. அவற்றிலே கனெக்டிங் றொட்டுகளும் பிஸ்டன்களும் தொங்குகின்றன. இவற்றின் பாரத்துக்கு எதிரே சமன் செய்யும் பாரம் வைக்கப்படாவிடின், தண்டு ஒவ்வொரு சுற்றிலும் தன் தாங்கிகளை ஒரு பக்கமாக இழுத்து அடிக்கும்.

அவ்வெதிர்ப்பாரத்தை வைக்கும் முறைகள் இரண்டு. முதலாவது முறையில், தேவையான பாரம் முழுவதும் கிராங்குத் தண்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும். தண்டின் பின்முனையிற் பூட்டப்படும் பிளைவீலும், முன்முனையிற் பூட்டப்படும் கப்பியும், அக்கப்பியோடு சேர்ந்த டம்பர் என்னும் அதிர்வடக்கியும் தனித்தனியே சமனாக இருக்கும். வரிசையாக நான்கு அல்லது ஆறு சிலிண்டர்களைக் கொண்ட லொறி எஞ்சின்கள் பொதுவாக இவ்வகையினவே. இரண்டாவது முறையில், எதிர்ப்பாரத்தின் ஒரு பங்கு தண்டுக்கு வெளியே வைக்கப்படும். அதாவது பிளைவீலிலும் டம்பரிலும் ஒரு பக்கம் வேண்டுமென்றே பாரமாகச் செய்யப்பட்டிருக்கும். அவை தனியே பார்க்குமிடத்துச் சமனற்றவை. தமக்குரிய தண்டோடு சேர்ந்தபோதே சமனாகும்.

இவ்விரண்டாம் வகையிலேதான் தவறு எளிதில் நேர்கின்றது. அதற்கு மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்க லொறிகளில் உண்டு. போர்ட் நிறுவனம் தன் சிறு லொறிகளிலும் கார்களிலும் 302 கன அங்குல வி-8 எஞ்சினை நெடுங்காலம் பயன்படுத்தியது. அதன் பிளைவீலிலும் டம்பரிலும் வைக்கப்பட்ட வெளிப்பாரம் முதலில் 28 அவுன்ஸ்-அங்குலம் என்னும் அளவில் இருந்தது. அச்சிலிருந்து ஏழு அங்குலத் தொலைவில் நான்கு அவுன்ஸ் பாரம் இருந்தால் அது 28 அவுன்ஸ்-அங்குலம் ஆகும். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நிறுவனம் அதே எஞ்சினின் தண்டை மாற்றியமைத்து, வெளிப்பாரத்தை 50 அவுன்ஸ்-அங்குலமாக உயர்த்தியது. எஞ்சினின் பெயர் மாறவில்லை. அதன் கொள்ளளவும் மாறவில்லை. பழைய பிளைவீல் புதிய தண்டிலே தடையின்றிப் பூட்டப்படும், ஆணித்துளைகள் ஒத்துவரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 351 கன அங்குல எஞ்சினோ 28 என்னும் அளவிலேயே நின்றுவிட்டது. ஆகவே அதன் பிளைவீலை வாங்கிப் பின்னாளைய 302 எஞ்சினிற் பூட்டியவர்களும் இதே தொல்லைக்கு உள்ளாயினர்.

ஷெவ்ரொலே லொறிகளின் கதையும் இத்தகையதே. அவற்றின் 350 கன அங்குல எஞ்சின் 1985 வரை முதல்வகையைச் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் அதனோடு ஒத்திருக்கும் 400 கன அங்குல எஞ்சினோ இரண்டாம் வகையினது. 1986 முதல் 350 எஞ்சினின் பின்முனை மாற்றப்பட்டு, பிளைவீலிலும் ஒரு சிறு பாரம் சேர்க்கப்பட்டது. ஒரே பெயருடைய எஞ்சினுக்கு இரு காலத்துப் பிளைவீல்கள் வேறுவேறாயின.

போர்ட் எஞ்சினின் இரு அளவுகளுக்குமிடையேயுள்ள வேற்றுமை 22 அவுன்ஸ்-அங்குலம். இது அச்சிலிருந்து ஐந்தரை அங்குலத்தில் வைத்த நான்கு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம் ஆகும். ஒரு கைப்பிடி அரிசியின் நிறையிலும் சற்றே கூடிய இந்தப் பாரத்தை அற்பமென எண்ணலாகாது. எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றும்போது இது தண்டின் முனையை ஏறக்குறைய 10 கிலோகிராம் விசையோடு இழுக்கும். 1500 சுற்றில் அவ்விசை 40 கிலோகிராம். 3000 சுற்றில் 160 கிலோகிராம். வேகம் இரட்டிக்கும்போது விசை நான்கு மடங்காகின்றது என்பதை இங்கு கவனிக்க. மூன்றாயிரம் சுற்றில் இரண்டு மூட்டை நெல்லுக்கு மேற்பட்ட பாரம் ஒரு நொடியில் ஐம்பது முறை திசைமாறித் திசைமாறித் தண்டின் முனையை இழுப்பதாக எண்ணிப் பார்த்தால், பின்புறத் தாங்கி ஏன் விரைவில் தேய்கின்றது என்பது விளங்கும்.

எம் நாட்டு லொறிகள்

எம் நாட்டுத் தெருக்களில் உழைத்த பெட்போர்ட் முதலிய ஆறு சிலிண்டர் லொறிகளும், பிற்காலத்தில் வந்த ஜப்பானிய நான்கு சிலிண்டர் லொறிகளும் மேற்கூறிய வி-8 வகையைச் சேர்ந்தவையல்ல. ஆகவே அவற்றுக்கு இத்துன்பம் இல்லை எனக் கொள்ளலாமோ எனின், அவ்வாறன்று. தவறு வேறு வழிகளால் நுழைகின்றது.

ஆறு சிலிண்டர்களை வரிசையாகக் கொண்ட எஞ்சின், அமைப்பினாலேயே மிகச் சமனானது. மூன்று சோடிப் பிஸ்டன்களின் ஓட்டம் ஒன்றையொன்று முற்றாக ஈடுசெய்துவிடும். ஆனால் ஆறு பிஸ்டன்களும் ஆறு றொட்டுகளும் ஒரே நிறையுடையனவாய் இருந்தாலன்றி இது நிகழாது. ஒரு சிலிண்டர் மாத்திரம் கீறிவிட்டது என்று அதனை மாத்திரம் பெருப்பித்து, வேறொரு நிறுவனம் செய்த பெரிய பிஸ்டன் ஒன்றைப் போடுவது சிக்கனமாகத் தோன்றலாம். அப்பிஸ்டன் மற்றவற்றிலும் 30 கிராம் கூடியதாக இருந்தால், தண்டின் வளைவு அச்சிலிருந்து 50 மில்லிமீற்றர் விலகியுள்ள எஞ்சினில், 3000 சுற்றில் 15 கிலோகிராமுக்குக் குறையாத விசை ஈடுசெய்யப்படாமல் எஞ்சும். றொட்டு ஒன்று முறிந்தபின் பழைய சாமான் கடையில் எடுத்த ஒற்றை றொட்டைப் பூட்டுவதும் இத்தன்மையதே. பிஸ்டனை அதன் ஊசியோடும் வளையங்களோடும் சேர்த்துக் கடைத்தராசில் நிறுத்துப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் செல்லாது. எஞ்சின் பிரித்துக் கிடக்கும் நாளிலே இதனைச் செய்விக்க வேண்டும். பூட்டிய பின் நிறுக்க வழியில்லை.

பிளைவீல் இரண்டாவது வழி. பற்சில்லு தேய்ந்தமையாலோ, கிளச்சு உராய்ந்து முகம் வெடித்தமையாலோ வேறு பிளைவீல் வாங்கப்படுகின்றது. அது தனியே சமனுடையதாயினும் தண்டின் முனையில் நடுவாக அமர வேண்டும். தண்டு முனையிலுள்ள அமர்வட்டமும் குறியாணியும் அதற்காகவே உள்ளன. ஏறக்குறைய ஒத்திருக்கும் வேறு மாதிரியின் பிளைவீலில் நடுத்துளை சற்றுப் பெரிதாக இருக்கலாம். குறியாணி பொருந்தவில்லையென்று அதனை அகற்றிவிட்டுப் பூட்டுவோரும் உளர். 25 கிலோகிராம் நிறையுள்ள பிளைவீல் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு நடுவிலகி அமர்ந்தாலும், 3000 சுற்றில் அது 25 கிலோகிராம் விசையைப் பிறப்பிக்கும். அந்த விலகலைக் கண்ணாற் காண இயலாது.

கிளச்சின் பிரஷர் பிளேட்டைக் கழற்றும்போது, பிளைவீலின் விளிம்பிலும் பிளேட்டின் விளிம்பிலும் ஒரே இடத்திற் குற்றியால் அடையாளமிட்டுப் பின்னரே கழற்றுதல் வேண்டும். சில எஞ்சின்களில் இவ்விரண்டும் ஒன்றாகப் பூட்டியே சமன் பார்க்கப்பட்டிருக்கும். அடையாளமின்றிக் கழற்றிய பிளேட்டை முன்னிருந்த இடத்திற் பூட்டுவது குருட்டு வாய்ப்பே.

மூன்றாவது, முன்கப்பியிலுள்ள டம்பர். இதன் தொழிலைப் பலர் அறியார். வெறும் கப்பியென எண்ணி வெறும் கப்பியையே வாங்கிப் பூட்டிவிடுவர். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது தண்டு சிறிது முறுகி மீளும். நீண்ட தண்டையுடைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் இம்முறுக்கு, ஒரு குறித்த வேகத்திற் பெருகித் தண்டையே முறிக்கவல்லது. டம்பரின் வெளிவளையம் ரப்பரினால் உள்வட்டத்தோடு ஒட்டப்பட்டு, இம்முறுக்கைத் தணிக்கின்றது. டம்பர் இல்லாத தண்டில் நடுக்கம் வெளியே அதிகம் தெரியாமலே தீங்கு நடக்கலாம். ஆதலின் டம்பர் விடயத்தில் நடுக்கம் இல்லை என்பதை நற்சாட்சியாகக் கொள்ளலாகாது.

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இவற்றோடு இன்னொரு விடயமும் உண்டு. அதிலே இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டு கீழிறங்கும். ஆனால் றொட்டின் சாய்வு காரணமாக, பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கின்றது. ஆகவே ஒன்றையொன்று முற்றாக ஈடுசெய்யாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் இரு முறை மேலும் கீழும் உதைக்கும் ஒரு விசை எஞ்சுகின்றது. இதனை அடக்குவதற்கு, எஞ்சினின் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு பாரத்தண்டுகளை வைக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலப் பொறியியலாளர் பிரடெரிக் லாஞ்செஸ்டர் வகுத்தார். பேர்க்கின்ஸ் 4.236 டீசல் எஞ்சினின் பல மாதிரிகளில் எண்ணெய்த் தொட்டிக்குள் இத்தகைய சமன் தொகுதி உண்டு. இவ்வெஞ்சின் லொறிகளிலும் பெரிய உழவு இயந்திரங்களிலும் பூட்டப்பட்டது. மிற்சுபிசி நிறுவனம் 1975ஆம் ஆண்டளவில் இம்முறையைத் திரும்பவும் கையாளத் தொடங்கியது. அதன் 4டி56 டீசல் எஞ்சினில் இரு சமன் தண்டுகள் உள்ளன.

இச்சமன் தண்டுகள் பற்சில்லினாலோ பட்டியினாலோ கிராங்குத் தண்டோடு குறிவைத்துப் பூட்டப்பட வேண்டியவை. குறி தவறி அரைச்சுற்று மாறி அமர்ந்தால், அவை நடுக்கத்தை அடக்குவதற்குப் பதிலாக அதனோடு சேர்ந்துகொள்ளும். அப்போது எழும் விசை, சமன் தண்டே இல்லாத எஞ்சினின் விசையைப்போல் இரு மடங்காகும். ஓரிரு பற்கள் தவறினாலும் குறை தெரியும். எண்ணெய்ப் பம்போ சமன் பட்டியோ மாற்றிய அடுத்த நாளிலிருந்து நான்கு சிலிண்டர் எஞ்சின் இரைந்து நடுங்குமாயின், வேறெதனையும் தொடுமுன் இக்குறிகளையே பார்க்க வேண்டும்.

கண்டறியும் ஒழுங்கு

முதற் கேள்வி, நடுக்கம் எப்பொழுது தொடங்கியது என்பதே. சிறிது சிறிதாக மாதக்கணக்கில் வளர்ந்த நடுக்கம் தேய்வினால் வருவது. ஒரு வேலைக்குப் பின் உடனே தோன்றிய நடுக்கம் அவ்வேலையினால் வந்தது. இவ்வளவு எளிய உண்மை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. லொறிக்காரர் செய்வித்த வேலைகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்ததாகும்.

அடுத்து, நடுக்கம் எஞ்சினின் வேகத்தோடு செல்கின்றதா, லொறியின் வேகத்தோடு செல்கின்றதா என்று அறிதல் வேண்டும். லொறியைச் சம தரையில் நிறுத்திக் கைத்தடையைப் போட்டு, சில்லுகளுக்குக் கட்டையும் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு எஞ்சினின் வேகத்தை மெல்ல உயர்த்துக. நின்ற நிலையிலும் நடுக்கம் வந்தால் குறை எஞ்சினிலோ கிளச்சிலோ உள்ளது. நிற்கும்போது அமைதியாக இருந்து, ஓடும்போது மாத்திரம் நடுங்கினால் சில்லுகளையும், பின் அச்சுக்கு வலுவைக் கொண்டு செல்லும் நீள்தண்டையும் பார்க்க வேண்டும். இப்பிரசுரம் அவற்றைப் பற்றியதன்று.

நின்ற நிலையில் நடுங்கும் எஞ்சினில், நடுக்கத்தின் தன்மையை நோக்குக. மெதுவோட்டத்தில் மிகுந்து, வேகம் கூடக் குறையும் நடுக்கம் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் சரிவர எரியாமையால் உண்டாவது; அது தாளம் தவறிய பறைபோல் விட்டுவிட்டு உதைக்கும். மெதுவோட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலிருந்து, வேகம் கூடக் கூட இரைச்சலோடு வளர்ந்து, பக்கக் கண்ணாடியிலே தெரியும் உருவத்தைக் கலங்கச் செய்யும் நடுக்கமே சமனின்மையால் வருவது. ஐயம் தீரவேண்டுமாயின், மெதுவோட்டத்தில் டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர்க் குழாய்ச் சுரைகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்குக. நல்ல சிலிண்டரின் சுரையைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறும். எரியாத சிலிண்டரில் மாற்றம் இராது. எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவிற் தடுமாற்றம் காட்டினால் எரிபொருட் பாகங்களைக் குறைகூற இடமில்லை. தளர்த்திய சுரையின் அருகே கையை நீட்டக்கூடாது. உயர் அழுத்தத்திற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். அது சிறு காயமன்று, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய ஆபத்தாகும். சுரையை ஒரு தடித்த துணியால் மூடிக்கொண்டு தளர்த்துக. பிற்கால எஞ்சின்களில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாய் பூட்டப்பட்டிருந்தால் இப்பரீட்சையைச் செய்தலே ஆகாது.

பின்னர் விசிறிப் பட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் மாத்திரம் ஓட்டிப் பார்க்க. விசிறியின் ஓர் இலை வளைந்திருந்தாலோ, மின்பிறப்பாக்கியின் கப்பி கோணியிருந்தாலோ நடுக்கம் இப்பொழுது மறைந்துவிடும். செலவில்லாத இப்பரீட்சை எத்தனையோ எஞ்சின்களைப் பிரிக்காமற் காத்துள்ளது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் நீர் ஓடாமல் எஞ்சின் சூடேறும். பட்டி கழன்ற லொறியைத் தெருவில் இறக்கவும் கூடாது. சில லொறிகளில் தடைக்கு வேண்டிய வெற்றிடப் பம்பு மின்பிறப்பாக்கியோடு சேர்ந்திருப்பதால் தடை பிடியாது போகும்.

பட்டியை மீளப் பூட்டியபின் கிளச்சு மிதியை அழுத்திக்கொண்டு வேகத்தை உயர்த்துக. கிளச்சுத் தட்டும் கியர்ப் பெட்டியின் முன்தண்டும் இப்பொழுது சுழலாது நிற்கும். பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் முன்போலவே சுழலும். நடுக்கம் மாறினால் முன்னைய இரண்டையும் ஐயுறுக. சிறிதும் மாறாவிடின் எஞ்சியவை நான்கே: டம்பர், பிளைவீலும் அதன் பிளேட்டும், சமன் தண்டுகள், உள்ளேயுள்ள பிஸ்டன்களும் றொட்டுகளும்.

இவற்றுள் டம்பரை முதலிற் சோதித்தல் எளிது. எஞ்சினை நிறுத்தி, டம்பரின் உள்வட்டத்திலிருந்து வெளிவளையம் வரை சுண்ணத்தாலோ வெள்ளைப் பூச்சாலோ ஒரே கோடாக இழுக்க. ஒரு நாள் ஓட்டியபின் அக்கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் விட்டு வளையம் நழுவுகின்றது. எண்ணெய் ஊறிப் பிதுங்கிய ரப்பரும் நழுவப்போகும் ரப்பரே. அத்தகைய டம்பரை ஒட்டுவேலை செய்து திரும்பப் பயன்படுத்த முயலாது, அதே மாதிரி எஞ்சினின் டம்பரைத் தேடி எடுத்துப் பூட்டுதல் வேண்டும்.

பிளைவீலைக் கழற்றிப் பார்க்கவேண்டி வந்தால், முதலில் அதன் பின்புறத்தை நோக்குக. ஒரு பக்கத்தில் மாத்திரம் தடித்த வார்ப்போ, ஒட்டிய பாரமோ, பெரிய குடைவோ இருந்தால் அது வெளிப்பாரமுள்ள வகை. அங்குமிங்குமாகச் சில சிறு துளைகள் மாத்திரம் இருந்தால் அவை தொழிற்சாலையிற் சமன் பார்த்தபோது இட்டவை. நடுவில் நேரான ஒரு தண்டைப் பொருத்தி, மட்டம் பார்த்த இரண்டு கோண இரும்புகளின் விளிம்பிலே உருளவிட்டால், சமனான பிளைவீல் விட்ட இடத்தில் நிற்கும். சமனற்றது எங்கு விட்டாலும் உருண்டு, ஒரே பக்கத்தைக் கீழே கொண்டுவந்து நிற்கும்.

இங்கே ஒரு பெருந்தவறு நேர்வதுண்டு. கீழே வந்த பக்கம் பாரம் என்று கருதி உடனே துளைத்துவிடுவர். வெளிப்பாரமுள்ள பிளைவீல் அவ்வாறு உருள்வதே முறை. அதனைத் துளைத்துச் சமனாக்கினால் நல்ல பிளைவீல் ஒன்று என்றைக்குமாகக் கெட்டது. எஞ்சின் எவ்வகையினது என்பது தெளிவாகும்வரை துளைகருவியை எடாதிருத்தல் நன்று. அந்த எஞ்சினுக்குரிய கைந்நூலிலும், பாகத்தில் வார்த்துள்ள இலக்கத்திலும் இது தெரியும். இலக்கத்தை மண்ணெண்ணெயிற் கழுவித் தெளிவாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

பாகங்கள் வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தைக்கோ வேறு பட்டினத்துப் பழைய பாகக் கடைக்கோ செல்பவர், எஞ்சினின் பெயரை மாத்திரம் சொல்லிப் பிளைவீல் கேட்டல் போதாது. எஞ்சினின் முழு இலக்கமும், ஆண்டும், பழைய பாகத்தின் வார்ப்பிலக்கமும் வேண்டும். இயன்றால் பழைய பாகத்தையே கொண்டு செல்க. புதிய பாகம் பூட்டி ஓட்டிப் பார்க்கும்வரை பழையதைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிடலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் ஒரே சாட்சி அதுவே. முழு எஞ்சினாக வாங்குவோர் டம்பரும் பிளைவீலும் அதனோடு சேர்ந்தே வருமாறு கேட்டுப் பெறுதல் வேண்டும். விலையைக் குறைப்பதற்காக அவற்றை விட்டுவிட்டுத் தம்மிடமுள்ளவற்றைப் பூட்டிக்கொள்வது, இப்பிரசுரத்திற் சொன்ன தொல்லைகள் யாவற்றுக்கும் வாயில். தண்டையே மாற்ற நேர்ந்தால், தண்டு, பிளைவீல், பிரஷர் பிளேட், டம்பர் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கொண்டு சென்று சமன் பார்க்கும் பொறியுள்ள தொழிற்சாலையில் ஒப்படைத்தல் வேண்டும். வெளிப்பாரமுள்ள வி-8 வகைக்குப் பிஸ்டனும் றொட்டும் கூடத் தேவைப்படும்.

அறுவடை நாளில் நடுக்கம் கண்டால்

நெல் களத்தில் இருக்க, தக்காளி பெட்டியில் இருக்க, லொறியை ஒரு கிழமை நிறுத்திவைக்க எவராலும் இயலாது என்பது உண்மையே. அந்நிலையில் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால் ஓரளவு தீங்கைத் தவிர்க்கலாம். பாதி வேகத்தில் சமனற்ற விசை காற்பங்காகக் குறையும் என்பது மேலே காட்டப்பட்டது. எனவே பாரத்தைக் குறைத்து, எஞ்சின் திணறாத அளவுக்கு உயர்ந்த கியரில் மெதுவாகச் செல்க. இறக்கத்தில் தாழ்ந்த கியரினால் எஞ்சினின் வேகம் எல்லை மீறாதவாறு, முன்னரே லொறியின் வேகத்தைத் தடையினாற் குறைத்துக்கொள்க.

ஆனால் நடுக்கத்தோடு அடியிலிருந்து இரும்படிக்கும் சத்தமும் கேட்டால், அல்லது எண்ணெய் அழுத்தம் குறைந்தால், எஞ்சினை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு வேறு லொறியைத் தேடுவதே இலாபம். பிளைவீல் ஆணிகள் தளர்ந்தோ தண்டு வெடித்தோ இருக்கலாம். வெடித்த தண்டு அடுத்த மைலில் எஞ்சின் உடலையும் உடைத்துக்கொண்டு வெளிவரும். அதன்பின் திருத்த எதுவும் எஞ்சாது.

அவ்வாறான குறிகள் எவையும் இல்லாவிடினும், நடுங்கும் எஞ்சினோடு செய்த ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இன்ஜெக்டர்க் குழாய்களையும் அவற்றைப் பிடிக்கும் கவ்விகளையும் விரலாற் தடவிப் பார்க்க. ஆனால் எஞ்சின் நின்று ஆறிய பின்னரே. நடுக்கத்தால் முதலில் வெடிப்பவை அவையே. அங்கிருந்து கசியும் டீசல், சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பற்றும். அடுத்து எஞ்சின் தாங்கிகளின் ஆணிகளையும், கியர்ப் பெட்டி எஞ்சினோடு சேரும் வளையத்து ஆணிகளையும் சாவியிட்டு இறுக்கிப் பார்த்த பின்னரே அடுத்த பாரத்தை ஏற்றுதல் வேண்டும்.